அசையாமல் இருக்கவேண்டிய இருபது நிமிடம்

எங்கள் கள்ளிச் செடிச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. நடுவர் மேசைகளைச் சுற்றிவந்து செடிகளைப் பார்க்கும்போது, அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கதிரைகளில் இருக்கவேண்டும். எழும்பக்கூடாது. பேசக்கூடாது. எந்தச் செடி தன்னுடையது என்று முகத்தால்கூடக் காட்டிக்கொடுக்கக்கூடாது. ஏறக்குறைய இருபது நிமிடம் இது நடக்கும். மற்றவர்களுக்கு அது இளைப்பாறும் நேரம். முன்வரிசைக் கிழவர் ஒருவர் தவறாமல் குறட்டை விடுவார். எனக்கோ கதிரையில் யாரோ எறும்பைக் கொட்டிவிட்டதுபோல இருக்கும்.

நான் இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத பிறவி. சோறு அவியுமுன் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். பஸ் வருகிறதா என்று பார்க்கத் தரிப்பிடத்தை விட்டுத் தெருவில் இறங்கி நிற்பேன். தபால்காரர் வருமுன்பே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அவர் வந்து போனபின் இன்னொரு தரம் பார்ப்பேன். உட்கார்ந்தால் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கும். "காலை ஆட்டாதையும் அப்பா, வீட்டுக்குக் கூடாது" என்று என் கணவர் கல்யாணமான நாள்முதல் சொல்லிவருகிறார். கால் கேட்டால்தானே.

இப்படிப்பட்டவள் போயும் போயும் கள்ளி வளர்க்கப் போனேன். பேசாமல் விட்டால் வளரும், ஓடி ஓடிக் கவனித்தால் செத்துப்போகும் செடி அது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவர் ஒரு கள்ளித் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தோழி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவின் ஸ்காபரோவில் ஷாம்பூ போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மூடிகளைச் சரிபார்த்தவள் ஒரு பிலிப்பினோப் பெண். என் வயதுதான் இருக்கும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும், மேற்பார்வையாளர் மீதான எரிச்சலும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்க் கப் ஒன்றில் பெருவிரல் அளவு பச்சை உருண்டையை வைத்து நீட்டினாள். "இதை யாராலும் கொல்ல முடியாது" என்றாள்.

மூன்று கிழமையில் கொன்றேன். காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டதில் அடி அழுகி, தொட்டபோது பாதி என் விரலோடு வந்தது. இரண்டாவது ஒன்றைத் தந்தாள். அது இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதைத் தருமுன் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனாள். அவளுக்கும் அதுதான் முதல்முறை என்பதைப் பாதி வழியில்தான் சொன்னாள்.

செப்டம்பரிலிருந்து ஜூன் வரை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு பூங்காவை ஒட்டிய மண்டபத்தில் அவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். விட்பி, ஒஷாவா என்று தூரத்திலிருந்தெல்லாம் காரோட்டி வருவார்கள். பின்சீற்றில் செடிப்பெட்டிக்கு பெல்ட் கட்டியிருக்கும். எங்கள் ஆட்கள் என்று சொல்ல நான் ஒருத்திதான். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் லத்தீன் பெயரை எழுதிக் குத்தவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயர்களைக் கண்டு மலைப்பார்கள். நான் மலைக்கவில்லை. எங்கள் கல்யாண அழைப்பிதழ்களில் அதைவிட நீளமான பெயர்களை வாசித்து வளர்ந்தவள் நான். செயலாளர் மனிதர் ஜிம்னோகலீசியம் என்று வாய் தடக்காமல் சொல்வார். என் பெயருக்கு வந்ததும் நின்றுவிடுவார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் பிழையாகவே சொல்வார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் போட்டி உண்டு. முதலிடத்துக்கு மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்குப் புதியவர் வகுப்பு என்று தனி மேசை இருந்தது. அதில் இரண்டு வருடம்தான் போட்டியிடலாம். அதன்பின் முப்பது வருடமாகக் கள்ளி வளர்ப்பவர்களோடு மோதவேண்டும். ஜூன் மாதக் கூட்டத்தில், அந்த வருடம் புதியவர் வகுப்பில் அதிகம் புள்ளி எடுத்தவருக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். இரண்டு கையகல மரப்பலகை, நடுவில் பித்தளைத் தகடு, தகட்டில் பெயர் வெட்டியிருக்கும். போன வருடக் கேடயத்தைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றே எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. பெயரைச் செயலாளர் வாயால் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், தகட்டில் வெட்டும்போது எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

ஒரு மரத்துண்டுக்கு ஏன் அப்படி வெறி என்று கேட்கலாம். கனடாவுக்கு வந்த நாள்முதல் எனக்கு எல்லாமே காத்திருத்தலாக இருந்தது. வேலை செய்யும் அனுமதிக்குக் காத்திருந்தோம், விசாரணைத் திகதிக்குக் காத்திருந்தோம், பிறகு நிரந்தரவதிவுக் கடிதத்துக்குக் காத்திருந்தோம். எங்கோ ஒரு அறையில், நான் காணாத யாரோ, என் வாழ்க்கையைத் தாள்களாகப் புரட்டி முடிவு செய்தார்கள். இங்கே அப்படியில்லை. என் கண் முன்னாலேயே ஒருவர் குனிந்து, நான் வளர்த்ததைப் பார்த்து, இது நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும். அது எனக்குக் கிடைக்கவேண்டும், வேறொருவருக்கும் கிடைக்கக்கூடாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

விசாரணை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதை இங்கேயே சொல்லிவிடவேண்டும். எங்கள் அகதி விசாரணைக்குப் போன காலை, என் கணவர் சாமிப் படத்துக்கு முன்னால் எங்கள் ஃபைலை வைத்து, அட்டையில் மூன்று விரலால் திருநீறு பூசினார். அவருக்கு எதற்கும் திருநீறுதான். புதிதாக எடுத்த டாக்ஸியின் ஸ்டியரிங்குக்குப் பூசினார், ஊருக்கு அனுப்பும் பொதிக்குப் பூசினார், ஓட்டுநர் பரீட்சைக்குக் கொண்டுபோன பேனைக்கும் பூசினார். அன்று விசாரணை அதிகாரி ஃபைலை வாங்கியதும் தன் விரலைப் பார்த்தார். "இது என்ன வெள்ளைத் தூள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். என் கணவர் முகம் மலர்ந்து விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "டஸ்ட், சேர். சொரி" என்று சொல்லிக் கைக்குட்டையால் அட்டையைத் துடைத்தேன். எனக்கு அப்போது நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. திருநீறுதான் காரணம் என்பது அவருடைய கட்சி. நான் துடைத்ததைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

கள்ளிகள் வீட்டுக்குள் வந்ததை அவர் விரும்பவில்லை. நாங்கள் அப்போது ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தோம். நிலமட்டத்தில் ஒரே ஒரு அகலமான யன்னல், அதன் விளிம்பில் என் தொட்டிகள்.

"உந்த முள்ளுச் செடியளை ஏனப்பா வீட்டுக்கை வைக்கிறீர்? முள்ளு இருந்தால் சண்டை வருமாம்."

"முள்ளு வர முதலே நல்லாத்தானே வந்தது" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தார். இரவில் டாக்ஸி ஓடுபவர், பகலில்தான் நித்திரை. ஆனால் முதல் பனி கொட்டி யன்னலை மூடியபோது, நான் கேட்காமலே சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய், யன்னலுக்கு முன்னால் குவிந்த பனியைச் சவளால் அள்ளிக் கொட்டிவிட்டு வந்தார். "உம்மடை பிள்ளையளுக்கு வெளிச்சம் வேணுமெல்லோ" என்றார். அந்த மாரி முழுவதும் அது அவருடைய வேலையாக இருந்தது.

முதல் வருடம் எனக்குக் கிடைத்தது மொத்தம் நான்கு புள்ளி. காரணம் தண்ணீர். நவம்பரிலிருந்து மார்ச் வரை கள்ளிக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது. ஐந்து மாதம்! நான் குட்டி போட்ட பூனைபோல யன்னலுக்கும் குழாய்க்கும் இடையே நடந்தேன். செடி சுருங்குவதுபோல இருக்கும். ஒரு கரண்டி விட்டால் என்ன என்று தோன்றும். விட்டேன். இரண்டு செத்தன. இரண்டாவது மாரி தொடங்கியதும் என் கணவர் ஒரு காரியம் செய்தார். என் சின்னத் தண்ணீர் வாளியைத் தூக்கி டாக்ஸியின் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். "மார்ச் முடியத் தாறன்" என்றார். வீட்டில் வேறு பாத்திரமே இல்லையா என்று கேட்காதீர்கள். அவர் அவ்வளவு மெனக்கெட்டபிறகு செம்பில் கொண்டுபோய் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அந்த ஜிம்னோகலீசியம் பிழைத்தது. தோழி தந்த மூன்றாவது செடி அது. தோடம்பழ அளவில், தட்டையாக, வாளிப்பான பச்சையில், விரல் வைக்கலாம் போன்ற வரிப்பள்ளங்களோடு இருந்தது.

அந்த இரண்டாவது வருடத்தில் புதியவர் மேசையில் போட்டி என்றால் எங்கள் இருவருக்கும்தான். மற்றவர்கள் ஒரு மாதம் வருவார்கள், அடுத்த மாதம் காணாமற் போவார்கள். தோழிக்கு இது விளையாட்டு. எனக்கு விளையாட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் காரில்தான் என்னை ஏற்றிப்போவாள்.

பெப்ரவரி கடைசியில் ஒருநாள் அவள் நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தாள். சாம்பலால் ஒரு சிலுவைக் குறி. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "உங்களுக்கும் உண்டா?" என்று என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். வருடத்தில் ஒருநாள் என்றாள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் என்றேன். எதற்கெல்லாம் என் கணவர் திருநீறு பூசுவார் என்று ஒரு பட்டியலே சொன்னேன். ஸ்டியரிங் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். ஃபைல் கதையை நான் சொல்லவில்லை.

மார்ச் வரை அவள் என்னைவிட இரண்டு புள்ளி முன்னால். ஏப்ரலில் அவள் செடிக்கு மாவுப்பூச்சி வந்தது. கள்ளிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறில்லை. முள்ளடியில் வெள்ளை மா ஒட்டியதுபோல இருக்கும், ஒரு தொட்டியிலிருந்து மேசை முழுவதற்கும் பரவிவிடும். அதனால் சங்கத்தில் ஆராய்ச்சிக்கெல்லாம் இடமில்லை. நடுவருக்குச் சந்தேகம் வந்தால் போதும், கையால் தொடாமல் உதவியாளரைக் கூப்பிடுவார். அவர் செடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வாசலோரத்தில் வைத்துவிடுவார். அந்தச் செடிக்கு அன்று புள்ளி இல்லை. தோழியின் செடியை அப்படிக் கட்டியபோது அவள் முகம் சுண்டிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன். உள்ளே என் மனம் புள்ளியைக் கூட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லிப் பயனில்லை.

அந்த ஏப்ரலில் முதலிடம் எனக்கு. மேயில் அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். எல்லாம் கூட்டிக் கழித்தால் ஜூன் தொடங்கும்போது இருவரும் சமம். கடைசிப் போட்டியில் அவளுக்கு மேலே வந்தால் கேடயம் எனக்கு. வராவிட்டால் இனி என்றைக்கும் இல்லை.

என் ஜிம்னோகலீசியம் நான்கு மொட்டு வைத்திருந்தது. போட்டியன்று காலை ஒன்று விரிந்தேவிட்டது, வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய பூ. நான் ஐந்து மணிக்கே எழும்பிவிட்டேன். வர்ணம் பூசும் மெல்லிய தூரிகையால் வரி வரியாகத் தூசி தட்டினேன். தொட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். மேல் சரளைக் கல்லைச் சமப்படுத்தினேன். பிறகு மறுபடியும் துடைத்தேன். செடியைப் பெட்டியில் வைத்து வாசலடியில் வைத்துவிட்டு, இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு, மதியம் நெருங்கியபிறகுதான் குளிக்கப் போனேன். வேலையால் வந்த கணவர் படுக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்கள் படுங்கோவன்" என்றேன். "நீர் வெளிக்கிடும், நான் பிறகு படுக்கிறன்" என்றார்.

தலை ஈரம் காயுமுன் தோழியின் கார் ஹோர்ன் கேட்டது. பெட்டியை அப்படியே தூக்கினேன். மேலே பழைய பத்திரிகைத் தாள் கூடாரம்போல மூடியிருந்தது. நான் மூடியதாக ஞாபகமில்லை. ஆனால் அன்று எனக்கு என் பெயரே ஞாபகமில்லை.

நெடுஞ்சாலையில் வேலை நடந்தது. ஒரே ஒரு பாதைதான் திறந்திருந்தது. நான் சீற்றில் முன்னும் பின்னும் ஆடியதில் தோழி, "நீ ஆடுவதால் கார் வேகமாகப் போகாது" என்றாள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவு முடிய இரண்டு நிமிடம். உதவியாளர் வாசலிலேயே நின்று எங்கள் பெட்டிகளை வாங்கினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்களை விடவில்லை. நான் அட்டையில் பெயரை எழுதி, மடித்து, பெயர் தெரியாதபடி ஒட்டிக் கொடுத்தேன். அவர் பத்திரிகைத் தாளை எடுத்ததையும் செடியை மேசையில் வைத்ததையும் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தேன்.

பிறகு அந்த இருபது நிமிடம். நடுவர் ஒஷாவாவிலிருந்து வந்த அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. கழுத்தில் கயிறு கட்டி உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். புதியவர் மேசையில் முதலில் வேறு யாருடையதோ ஒன்றைப் பார்த்தார். பிறகு தோழியுடையது. குனிந்தார், நிமிர்ந்தார், எழுதினார். பிறகு என்னுடையது. குனிந்தார். குனிந்தபடியே நின்றார். என் கால் நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் பார்க்கிறாரே, பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தகட்டில் என் பெயர் ஒரு வரியில் அடங்குமா என்றுகூட யோசித்தேன். நடுவர் கண்ணாடியை எடுத்தார். பிறகு அதைக் கீழே விட்டுவிட்டு, ஓரடி பின்னால் போய், உதவியாளரைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

உதவியாளர் பிளாஸ்டிக் பையோடு வந்தார்.

பூச்சியா? காலையில் வரி வரியாகப் பார்த்தேனே! அவர் செடியைப் பைக்குள் இறக்கி, கயிற்றோரமாக, என் முழங்காலுக்கு எட்டுகிற தூரத்தில் கொண்டுபோனார். பூவைச் சுற்றிப் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது. முள்ளடிகளிலும் இருந்தது. மண்ணிறத் தொட்டியின் பக்கத்தில், கண்ணாடிபோல நான் துடைத்து வைத்த தொட்டியில், மூன்று கோடு. நடு மூன்று விரல்களும் இழுத்த கோடு.

பத்திரிகைத் தாளால் மூடியது யார் என்பது அப்போது விளங்கியது.

தோழிக்கும் விளங்கிவிட்டது. நடுவர் அடுத்த மேசைகளையும் முடித்துவிட்டு, செயலாளரோடு மூலையில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். முடிவை வாசிக்கும்வரை மாற்றலாம். அதுவும் சங்கத்தின் விதிதான். தோழி என் முழங்கையை இடித்தாள். "அது சாம்பல். உன் கணவர் வைத்தது. போய்ச் சொல்" என்றாள். நான் அசையவில்லை. "இன்னும் வாசிக்கவில்லை. எழும்பு. நான் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னால் கேடயம் தன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டே சொன்னாள்.

"வேண்டாம்" என்றேன்.

நான் எழும்பி என்ன சொல்வது? என் கணவர் இந்தச் செடி வெல்லவேண்டும் என்று இதற்குத் திருநீறு பூசினார் என்றா? அந்த நாற்பது முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பி, மரியாதையாக, அன்பாக, அதிசயப் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்க்குமே. அதை நினைத்தபோது எனக்குக் கூசியது. கேடயம் போகட்டும், என் வீட்டில் பூச்சி என்று நினைத்தாலும் நினைக்கட்டும், அவரைப் பற்றி இங்கே நான் வாய் திறக்கமாட்டேன் என்று இருந்தேன். பிறந்த நாள்முதல் ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்கத் தெரியாதவள், அன்று சிலைபோல இருந்தேன். கால்கூட ஆடவில்லை.

செயலாளர் முடிவை வாசித்தார். தோழியின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது பின்சீற்றில் கேடயமும் கட்டிய பையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவள் கேடயத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நெடுஞ்சாலை வேலை நடந்த இடத்தில் கார் நின்றபோது கேட்டாள்.

"எனக்காகவா பேசாமல் இருந்தாய்?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நல்லவள் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்தது.

"இல்லை" என்றேன்.

அவள் காரை மெல்ல நகர்த்தினாள். என் கோபமெல்லாம் அப்போது வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. யார் கேட்டார்கள் இவரிடம்? முள் வீட்டுக்குக் கூடாது என்று சொன்ன மனிதருக்கு இன்று என்ன திடீர்ப் பக்தி? அவர் கை பட்டு இரண்டு வருட உழைப்பு பையில் கட்டிக் கிடக்கிறது. சொல்லவேண்டிய வசனங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றையும் மறந்துவிடக்கூடாது என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

பக்கவாசல் கதவு திறந்தே இருந்தது. அவர் படுக்கவே இல்லை. சட்டை மாற்றி, தலை வாரி நின்றார். நான் படியிறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது தொலைக்காட்சிப் பெட்டி. அதன்மேல் எப்போதும் வீடியோ கசெட்டுகளும் பிளாஸ்டிக் பூச்சாடியும் குவிந்து கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல நாளில் மட்டும் விரிக்கும் தையல்வேலைத் துணியை விரித்து வைத்திருந்தார். துணிக்கு நடுவில் ஒன்றும் இல்லை. கேடயத்துக்கு விட்ட இடம்.

"என்னப்பா, கிடைச்சுதோ?"

அடுக்கி வைத்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. "கிடைக்கேல்லை" என்றேன்.

"ரண்டாவதோ?"

"ஒண்டுமில்லை."

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். வாங்கி, முடிச்சை அவிழ்த்து, செடியைப் பக்குவமாக வெளியே எடுத்தார். பூ வாடவில்லை. தான் பூசிய மூன்று கோட்டையும், பள்ளங்களில் கிடந்த திருநீற்றையும் உற்றுப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை.

"நீர் ஏசுவீர் எண்டுதான் கொஞ்சமாய் வைச்சனான்" என்றார். "அது காணாது போலை."

விசாரணை மேசையில் நான் துடைத்த அட்டை கண்முன் வந்தது. அன்றும் அவர் சொல்லவந்ததை நான் சொல்லவிடவில்லை. இன்று அவர் அங்கே இல்லாதபோதும் அதையே செய்தேன். இரண்டு தரமும் இந்த மனிதரைத்தான் தூசு என்று துடைத்திருக்கிறேன். எனக்கு என் மீதே அருவருப்பாக வந்தது.

"காணும்" என்றேன். "நீங்கள் வைச்சது காணும். நான்தான் எழும்பேல்லை."

"எங்கையிருந்து எழும்பேல்லை?"

"கதிரையிலையிருந்து" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. படிக்கட்டிலேயே இருந்து அழுதேன். கேடயத்துக்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்தார். செடியைக் கொண்டுபோய்த் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல், துணிக்கு நடுவில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"அழாதையும் அப்பா" என்றார். "அடுத்த முறை அள்ளி வைப்பம்."

ஓம் என்றேன்.